நாளைப் போவோம்

போன மாதம் தாம்பரம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் இல்லை. செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், வீடு வீடாகப் போகிற தன்னார்வலப் பெண்கள் என்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். புத்தி பேதலிப்பதை அதன் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பது பாடம். 'பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவர்' என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிடம் பேச வேண்டும். அழுதால் இன்னும் நல்லது என்று நினைத்திருப்பார்கள் போல. மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றும் இருந்தது.

வகுப்பெடுத்த டாக்டர் ஒரு படம் போட்டார். 'என்னை யாரோ பின்தொடர்கிறார்கள், எனக்கு எதிராகச் சதி நடக்கிறது, போலீஸ் என்னைத் தேடுகிறது' என்று ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், அறிகுறி என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு நர்ஸம்மா எழுந்தார். "சார், நான் போற காலனியில பாதிப் பேரு இதைத்தான் சொல்றாங்க. நெசமாவே போலீஸ் தேடுது. அவங்கள எதுல சேக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு நாளில் அங்கே கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். பதில் இல்லாமலேயே மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தோம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரு ஆள் எங்கள் தெருவுக்கு வராமல் போனதால் என் வீட்டில் மூன்று வருசம் போயிருக்கிறது. அந்த மூன்று வருசத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

*

2009. எங்கண்ணனுக்கு இருபது வயசு. பி.காம். இரண்டாம் வருசம். குன்றத்தூரில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன மூன்றாவது ஆள். அந்த ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்த நாளுக்குச் சுவரெழுதியதில் ஊர்த்தெருக்காரர்களோடு தகராறு. இரண்டு தடவை போலீஸ் வண்டி காலனிக்குள் வந்து பையன்களைத் தேடியது. மே மாசம் ஒரு ராத்திரி அண்ணன் ஓடி வந்து கதவைச் சாத்தினான். "பல்லாவரம் ஸ்டேஷன்லருந்து மூணு பேரு பின்னாலயே வர்றானுங்க. வெளக்க அணை" என்றான்.

நம்பினோம். ஏன் நம்பக் கூடாது? இயக்கத் தோழர்கள் நாலு பேர் மூன்று ராத்திரி எங்கள் திண்ணையில் படுத்துக் காவல் காத்தார்கள். அதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த நாலு பேரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, அவன் கண்மூடிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. சோற்றில் மருந்து கலந்திருக்கிறது என்று அம்மா போட்ட தட்டைத் தள்ளினான். "பயந்து போயிருக்கான்" என்றோம். பரீட்சைக்குப் போகவில்லை. "போலீஸ் புடிச்சிடும்னு பயம்" என்றோம். ஒரு நாள் கரண்ட் போய் நின்றிருந்த ஃபேனைக் காட்டி, "கேளு பாப்பா, உன் பேரச் சொல்றானுங்க" என்றான். நானும் காது கொடுத்துக் கேட்டேன். அன்றைக்குத்தான் உடம்பு சில்லிட்டது.

அப்பா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். எந்த ஊர் என்றார், எந்தத் தெரு என்றார். "காலனியா? கஞ்சா எத்தனை நாளா?" என்றார். பீடியைக்கூடத் தொடாதவன் அவன். ஒரு ஊசி. இரண்டு நாள் தூங்கினான். மூன்றாம் நாள் ஃபேன் மறுபடி பேசியது.

நாலு மாதத்துக்கு முன்பு கூட நடக்கிற தகராறு நிஜம் என்பதால் நோய் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது தெரு பேர் தெரிந்துவிட்டதால் நோய் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அவனை ஒருத்தரும் தனியாள் என்று பார்க்கவில்லை. நாங்கள் அவனைச் சாதிக்கொடுமைக்கு ஆளானவன் என்று பார்த்தோம். டாக்டர் அவனைச் சாதியாகப் பார்த்தார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். ராகு திசை என்றார்கள். சேக்கிழார் கட்டிய வடநாகேஸ்வரம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, அது ராகுத் தலம். பாலுக்குப் பணம் கட்டினோம். கோவளம் தர்காவுக்கு ஏழு வெள்ளிக்கிழமை போனோம். அதற்கப்புறம் ஒரு பூசாரி. வேப்பிலையால் அடித்தான், ஒரு ஆட்டுக் காசை வாங்கிக்கொண்டான். அம்மா தோட்டை விற்றாள்.

அந்தப் பூசாரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் எங்கள் வீட்டுக்குள் வந்தான். பாயில் உட்கார்ந்தான். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தான். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்கி எத்தினி நாளாச்சு? யாரு பேசுறா? ஆம்பளக் கொரலா பொம்பளக் கொரலா? இன்னா செய்யச் சொல்லுது?" என்று கேட்டான். பிற்பாடு ஒரு மனநல மருத்துவர் கேட்டதும் இதே கேள்விகள்தான். பூசாரி கேட்டு ஒன்றே முக்கால் வருசம் கழித்துக் கேட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த சுகாதாரப் பணியாளர் தெருமுனையிலேயே நின்று பேரேட்டில் எழுதிக்கொண்டு போவார். "தண்ணி குடிங்கம்மா" என்றால், "இப்பதான் குடிச்சேன்" என்பார்.

*

எம்.ஏ.வில் எனக்குப் பெரியபுராணம் பாடம். திருநாளைப்போவார் புராணம் நடத்தியபோது வகுப்பே பக்தியில் உருகியது. எனக்கு அந்தப் பெயரில்தான் கண் நின்றது. தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை. போனாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று நாளைக் கடத்துகிறார் நந்தன். தள்ளிப்போடுவதை அவருடைய குணமாக்கி, அந்தக் குணத்தையே பெயராக்கி, பெயருக்கு முன்னால் 'திரு' போட்டுக் கும்பிட்டார்கள். வாசலை அடைத்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டப்பெயரும் கிடையாது. கடைசியில் தீக்குள் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. இதைப் பாடியவர் எங்கள் ஊர்க்காரர்.

எங்கள் வீட்டிலும் இரண்டு வருசம் அதுதான் நடந்தது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாம்." போனால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சினிமாக்காரர்கள் கெட்ட வார்த்தையாக்கி வைத்திருக்கிறார்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பெயர் வந்துவிட்டால் எனக்குக் கல்யாணம் ஆகாது. டாக்டர்கள் இதைக் குடும்பத்தின் அறியாமை, மூடநம்பிக்கை, களங்க உணர்வு என்று எழுதுகிறார்கள். ஒரு நாள் கூலியையும் இரண்டு பஸ்ஸையும் எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

2011 கடைசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். சத்தம் குறைந்தது. ஆனால் உடம்பு கட்டை மாதிரி இறுகிப்போயிற்று, கடைவாயில் எச்சில் ஒழுகியது. அது மாத்திரையால் வருவது, அளவைக் குறைக்கலாம், அதற்கு மாற்று இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. சாகடிக்கிற மருந்து என்று அம்மாவே சாக்கடையில் கொட்டினாள். அப்புறம் ஆறு மாதம். ஒரு விடிகாலை அவனைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து தூக்கி வந்தோம். அதற்குமேல் எழுதப்போவதில்லை.

*

இதில் உலகத்துக்குத் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆங்கிலத்தில் சைக்கோசிஸ் என்கிறார்கள். எங்கள் தெருவில் 'புத்தி பெசகிப் போச்சு' என்போம். பெரும்பாலும் பதினாறிலிருந்து முப்பது வயசுக்குள் வருகிறது. முதலில் தூக்கம் போகிறது, படிப்பிலும் வேலையிலும் நாட்டம் போகிறது, ஆள் ஒதுங்குகிறான், சந்தேகம் வருகிறது, இல்லாத குரல் கேட்கிறது. முதல் அறிகுறிக்கும் முறையான முதல் மருத்துவத்துக்கும் நடுவில் எவ்வளவு காலம் வீணாகிறதோ, அந்த அளவுக்கு ஆளைத் திரும்ப மீட்பது கடினமாகிறது. முதல் சில வருசங்கள்தான் முக்கியம். தற்கொலை ஆபத்து அதிகம் உள்ளதும் அந்த வருசங்களில்தான்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் 1992இலேயே இதற்கென்று இளைஞர்களுக்குத் தனி மருத்துவ அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். நார்வே நாட்டின் ஸ்தவாங்கர் பகுதியில் 1997 முதல் பத்திரிகை, பள்ளிக்கூடம், பொது மருத்துவர் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, கூப்பிட்டதும் வந்து பார்க்கிற குழு ஒன்றையும் வைத்தார்கள். வீணாகும் காலம் சராசரி ஆளுக்கு ஐந்து வாரமாகச் சுருங்கியது. பிரச்சாரத்தை நிறுத்தினார்கள், பதினைந்து வாரமாக மறுபடி நீண்டுவிட்டது. ஒரு தடவை மண்டபம் பிடித்து இரண்டு நாள் வகுப்பெடுத்து, சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2016இல், முதல் முறை நோய்ப்பட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். எங்கண்ணனுக்கு இரண்டு வருசத்துக்கு மேல்.

வெள்ளைக்கார நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பார்கள். சரி, சென்னைக்கே வருவோம். கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பரில்தான் காலமானார். அந்த நிறுவனம் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, முதன்முறை நோய்ப்பட்டவர்களை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி கவனித்து, இரண்டு வருசம் தொடர்ந்து பார்த்தது. குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்றவை அடங்கியதில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேச்சற்று, விருப்பமற்று முடங்கிக் கிடப்பது குறைந்ததில் சென்னையே மேல். குடும்பம் கூடவே நின்றதும் சென்னையில்தான் அதிகம்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து வைத்தால் நம் ஜனம் வரும், வந்தால் விட்டுவிட்டு ஓடாது. களங்க உணர்வு, மூடநம்பிக்கை என்றெல்லாம் நம் தலையில் கட்டியது பாதிப் பொய்.

இன்னொன்று. 2009, 2010 வருசங்களில் தமிழகம், கோவா, மராட்டியத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையும் வைத்து, வீட்டுக்கே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்துபோனவர்களைவிட, வீட்டுக்கும் ஆள் வந்து பார்த்தவர்களின் நிலை ஓரளவு கூடுதலாக மேம்பட்டது. 2014இல் 'லான்செட்' இதழில் வந்தது. முன்னேற்றம் பெரியதல்ல என்று அவர்களே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் பயிற்சி பெற்ற ஒரு சாதாரண ஆளால் இது முடியும் என்று தெரிந்துவிட்டது. எங்கண்ணன் வேப்பிலை அடி வாங்கிக்கொண்டிருந்த அதே வருசங்களில் இதே தமிழகத்தில் அந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

அறிவு இருந்தது. ஆள் இருந்தார்கள். தெருவுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

*

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மனநல மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று அப்போதே எழுதினார்கள். மாவட்டத் திட்டம் 1996இல் வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் செத்தார்கள். நந்தனையாவது தில்லைக்குள் விட்டார்கள். இவர்களை எங்கேயும் விடவில்லை. 2015-16இல் தமிழ்நாடும் சேர்ந்த 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தபோது, கடும் மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரிந்தது.

2017ஆம் வருசத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு, அரசு நடத்துகிற மனநல மருத்துவத்தைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. பாகுபாடு கூடாது என்று சொல்லுமிடத்தில் சாதி என்ற சொல்லை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 3ஆம் பிரிவு, ஒருவரின் சமூக நிலையையோ அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதையோ வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ள மருத்துவ அதிகாரிகள் அத்தனை பேருக்கும் அடிப்படை மனநல மருத்துவத்தில் பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்கிறது. மனநல ஊழியர்களின் எண்ணிக்கையைப் பத்து வருசத்துக்குள் உலக அளவுகோலுக்குக் கொண்டுவர முயல வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பத்து வருசம் 2028இல் முடிகிறது.

ஆகவே பயிற்சி என்பது யாரோ புண்ணியவான் போடுகிற பிச்சை இல்லை. சட்டப்படி நமக்கு வர வேண்டிய பாக்கி. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்கு இன்னும் தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத்தின் ஓரத்தில் ஒரு துண்டு, சில வாரம் வார்டு. அப்படிப் படித்து வந்தவரிடம் காலனிப் பையனைக் கொண்டுபோய் நிறுத்தினால் கஞ்சா என்றுதான் எழுதுவார்.

*

இப்போது நர்ஸம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

சேலம் கோகுல்ராஜ் 2015இல் கொல்லப்பட்டான். உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், 2016 மார்ச் 13 அன்று வெட்டினார்கள். சாவதற்கு முந்தின நாள் இவர்களில் ஒருவர் ஒரு டாக்டரிடம் போய், 'என்னைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள்' என்று சொல்லியிருந்தால் பயிற்சி பெற்ற அந்த டாக்டர் எதைக் குறித்திருப்பார்? சாதி என்றால் என்னவென்று தெரியாத பயிற்சி, உண்மையான பயத்துக்கு மாத்திரை எழுதும். சாதியை மட்டுமே தெரிந்த எங்களைப் போன்ற இயக்கக்காரர்கள் உண்மையான நோய்க்குக் காவல் போடுவோம். ஒரே பையனை இரண்டு பக்கமும் சேர்ந்து சாகடிக்கிறோம்.

பதில் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கவும் முடியும். பின்தொடர்கிறார்களா இல்லையா என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அது போலீஸ் வேலை. தூங்கி எத்தனை நாள், சாப்பிட்டு எத்தனை நாள், எப்போதிலிருந்து இப்படி, வேலைக்குப் போகிறானா, குளிக்கிறானா, தனியாகப் பேசுகிறானா என்று கேளுங்கள். அவன் சொல்லும் ஆபத்து தெருவில் மற்றவர்களுக்கும் தெரிந்ததா, இல்லை ஃபேனும் ரேடியோவும் அவனுக்கு மட்டும் சொல்வதா என்று கேளுங்கள். அம்மாவிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். காய்ச்சலா, வலிப்பா, தலையில் அடியா, குடியை நிறுத்தியதால் வந்த நடுக்கமா, பிள்ளை பெற்று ஒரு மாதத்துக்குள் வந்ததா என்று பாருங்கள். சாகத் தோன்றுகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதால் யாரும் சாவதில்லை. பயமும் நிஜமாக இருக்கலாம், நோயும் நிஜமாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு கையால் மருந்துக்கு அனுப்புங்கள், இன்னொரு கையால் அவன் புகாரை எழுதுங்கள். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்காதீர்கள்.

கேள்விகளை நம் பேச்சில் கேளுங்கள். அந்த மண்டபத்தில் தமிழில் ஒரு தாள் கொடுத்தார்கள். 'செவிப்புலன் மாயப்புலனுணர்வுகள் உளவா?' என்று இருந்தது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிந்தது. "யாரும் இல்லாதப்ப யாராவது பேசுற மாதிரி காதுல வுழுதா?" அவ்வளவுதானே? இதை எழுதக் கை கூசுகிறதா? நம் பேச்சு பேரேட்டில் ஏறக்கூடாதா?

யாருக்குப் பயிற்சி என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெரு அக்கா ஒருத்தர் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கத்திக்கொண்டு வருகிற ஆளை முதலில் பிடிப்பவர் வார்டு பாய், மலம் அள்ளுவது இந்த அக்கா, ராத்திரி இரண்டு மணிக்கு அவன் அழும்போது பக்கத்தில் நிற்பதும் இந்த அக்காதான். "டாக்டர் அஞ்சு நிமிசம் பாக்குறாரு, நான் பத்து மணி நேரம் பாக்குறேன். மாத்திரய முழுங்குறானா, தலகாணிக்கு அடியில வெக்கிறானான்னு என்னக் கேளு" என்கிறார். இவரை எந்த மண்டபத்துக்கும் கூப்பிட்டதில்லை. இந்த வேலைகளில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நோயாளியைத் தொடுகிற கைக்குப் பயிற்சி இல்லை, பேனா பிடிக்கிற கைக்கு மட்டும் பயிற்சி.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஒரு பெண் வருகிறாள். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். அதே பெண் வாசலில் உட்கார்ந்து, "வூட்ல வயசுப் பசங்க யாராவது தூங்காம கொள்ளாம, ஒதுங்கி ஒதுங்கி இருக்குதா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். கேட்டபின் யாரிடம் அனுப்புவது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பிய இடத்தில் ஆளும் மாத்திரையும் இருக்க வேண்டும். அவளுக்கு ஒழுங்கான சம்பளமும் வேண்டும். ஊக்கத்தொகை என்ற பேரில் கால்காசு கொடுத்துவிட்டு ஊர்ப்பட்ட நோயையெல்லாம் அவள் பையில் திணிப்பது இன்னொரு சுரண்டல்.

மருந்து கொடுக்கிறவர்கள், அது உடம்பில் என்னென்ன செய்யும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் முறை நோய்ப்படுகிறவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும் என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. உடம்பு இறுகும், எச்சில் வரும், எடை ஏறும், வந்தால் நிறுத்தாதே, என்னிடம் வா என்று ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் அம்மா அதைச் சாக்கடையில் கொட்டியிருக்க மாட்டாள். குணம் தெரிந்ததும் நிறுத்திவிடக் கூடாது, குறைந்தது ஒரு வருசமாவது தொடர வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவையும் சொல்ல நேரமில்லை என்றால் அந்த ஆளைப் பார்க்கவும் நேரமில்லை என்றுதான் அர்த்தம்.

*

நம் பக்கத்துக்கும் வருகிறேன். பூக்கோ படித்த தோழர்கள் இருக்கிறார்கள். பைத்தியம் என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு, மருத்துவம் என்பது கண்காணிப்பு, மாத்திரை என்பது ஒடுக்குமுறை என்று டீக்கடையில் மூன்று மணி நேரம் பேசுவார்கள். 2010இல் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, "அவன் எதிர்ப்புக் குரலை மருந்தால் அடக்கப் பார்க்கிறீர்கள்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்டாள், "சரிப்பா, ராத்திரி அவன் வெளிய ஓடுனா நீ வந்து புடிக்கிறியா?" ஆஸ்பத்திரிச் சுவர் அதிகாரம்தான், சங்கிலி அதிகாரம்தான், 1794இல் சென்னையில் கம்பெனிக்காரன் பைத்தியக்கார விடுதி திறந்ததும் அன்பினால் அல்ல. எல்லாம் சரி. ஆனால் மருந்து கிடைத்தவன்தான் மருந்தை விமர்சிக்க முடியும். கிடைக்காதவனுக்கு நீங்கள் கொடுக்கிற தத்துவம் வேப்பிலை அடியைவிடக் கேடு.

பகுத்தறிவுத் தோழர்களுக்கும் ஒன்று. பூசாரியிடம் போனதற்காக அம்மாவைக் கிண்டல் செய்தீர்கள். பேய் இல்லை என்று அம்மாவுக்கும் அரைகுறையாகத் தெரியும். பேய் இல்லை என்றால் என்ன இருக்கிறது, அதற்கு எங்கே போக வேண்டும் என்று சொல்ல உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பூசாரியை விரட்டுவதற்கு முன்னால் அவன் உட்கார்ந்த பாயில் உட்காரப் பழகுங்கள். அரசு வைக்கிற பயிற்சியில் பாதி நாளாவது மண்டபத்தை விட்டுக் காலனிக்குள் நடக்கட்டும். அங்கே வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தெரியாத ஆளுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்காத ஆளிடம் எந்தத் தாய் தன் பிள்ளைக்குப் புத்தி பெசகியதைச் சொல்லுவாள்?

இயக்கங்களுக்கும் பயிற்சி வேண்டும். மாநாடு, ஊர்வலம், வழக்கு என்று ஓடுகிற பையன்களில் எத்தனை பேர் தூங்குவதில்லை என்று நாம் கணக்கெடுத்ததுண்டா? அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். புத்தி பிசகினால், 'தோழர் கொஞ்ச நாள் ஓய்வில் இருக்கிறார்' என்று சொல்லிக் கைகழுவுகிறோம். 2022 முதல் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. கட்சிக் கொடிக்கம்பத்தில் அந்த எண்ணை எழுதி வைத்தால் கொடி ஒன்றும் தாழ்ந்துவிடாது.

*

அண்ணன் இப்போது எங்களோடுதான் இருக்கிறான். மாத்திரை போடுகிறான். பி.காம். முடிக்கவில்லை. ஒரு மாவு மில்லில் கணக்கு எழுதுகிறான். சில நாள் நன்றாகப் பேசுகிறான், சில நாள் பேசுவதில்லை. முதல் மாதத்திலேயே பார்த்திருந்தால் எப்படி இருந்திருப்பான் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுது. பேரு போடாத" என்றான். மண்டபத்தில் நர்ஸம்மா கேட்டதையும் எல்லோரும் சிரித்ததையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

"ரெண்டும் நெசம்னு சொல்லு பாப்பா. போலீஸும் வந்துச்சு. ஃபேனும் பேசுச்சு."

பயிற்சி நடத்துகிறவர்களே, அடுத்த முறை அந்தப் பத்து நிமிடத்தை எனக்குக் கொடுக்க வேண்டாம், அவனுக்குக் கொடுங்கள். காகிதக் கைக்குட்டைப் பெட்டி தேவைப்படாது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள்.